'அமைதி' என்ற ஒரு சொல் எத்தனை நிலைகளைத் தாங்கும்?

எழுதுகோல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வேற்றுமொழியில் எழுதப்பட்ட ஒரு நீண்ட கட்டுரையைச் சில வாரங்களாகத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தன்வரலாறும் சமூகச் சிந்தனையும் கலந்த அந்தக் கட்டுரையில் ஒரே சொல் எட்டு இடங்களில் வருகிறது. முதல் இடத்தில் அது போர் நின்றதைக் குறிக்கிறது; இரண்டாவதில் இரு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டை; மூன்றாவதில் நள்ளிரவில் ஓசை ஓய்ந்த ஒரு தெருவை; நான்காவதில் தன்னை அவமதித்த பேச்சைக் கேட்டும் வாய் திறக்காமல் இருந்த ஒருவரை; ஐந்தாவதில் இருவர் சந்திக்கும்போது சொல்லிக்கொள்ளும் வாழ்த்தை; ஆறாவதில் நோய்ப்படுக்கையில் வலி தணிந்து உறங்கும் தாயின் முகத்தை. இந்த ஆறு இடங்களுக்கும் தமிழில் சொல்லுக்குத் தட்டுப்பாடு இல்லை. அமைதி, சமாதானம், நிசப்தம், மௌனம், சாந்தி, நிம்மதி என்று வரிசையாக வந்து நிற்கின்றன.

சிக்கல் ஏழாவது இடத்தில்தான். கட்டுரையாளரும் அவருடைய தம்பியும் தந்தையின் மறைவுக்குப் பிறகு வீட்டைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நடுக்கூடத்தின் குறுக்கே ஒரு சுவர் எழுகிறது. ஒன்பது ஆண்டுகள் இருவருக்கும் பேச்சு இல்லை, சண்டையும் இல்லை. சுவருக்கு அப்பால் தம்பி இருமுவது இரவில் இவருக்குக் கேட்கும். அந்த இருமலைக் கொண்டே அவர் தூங்கவில்லை என்பதை அறிந்துகொள்வார், அவ்வளவுதான் உறவு. இந்த ஒன்பது ஆண்டுகளையும் சேர்த்து, 'எங்களுக்குள் அது நிலவியது' என்று அதே சொல்லைப் போட்டு எழுதுகிறார். 'எங்களுக்குள் அமைதி நிலவியது' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. 'சமாதானம்' என்றால் முழுப் பொய்யாகிவிடும். எட்டாவது இடம் கட்டுரையின் கடைசிப் பத்தியில் வருகிறது. அங்கே எனக்கு ஐயம் இல்லை. ஏழாவதற்கு மட்டும் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

வேர்ச்சொல்

எழுதுகோல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மனம் ஏன் ஒப்பவில்லை என்பதற்குச் சொல்லின் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது என்று கருதுகிறேன்.

அமைதி என்பது 'அமை' என்னும் வினையிலிருந்து வந்தது. அமைதல் என்றால் பொருந்துதல், தனக்கு உரிய இடத்தில் நிற்றல், போதுமானதாக ஆதல். அமைப்பும் அமைவும் அதே வேரில் கிளைத்தவை. கதவு நிலையில் சரியாகப் பொருந்தினால் 'நன்றாக அமைந்துவிட்டது' என்கிறோம். ஓசை இல்லை என்பது அந்தச் சொல்லின் முதற்பொருள் அன்று. பொருந்தாத கதவு கிறீச்சிடும், பொருந்திய கதவு கிறீச்சிடாது. ஓசை இல்லாமல் போவது பொருத்தத்தின் விளைவாக வருவது.

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் இன்னொரு வழியாகவும் பழக்கம். வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று படிகளை நாம் படித்திருக்கிறோம். இலக்கண விதிப்படி நிற்பது வழாநிலை. விதியை மீறுவது வழு. விதியை மீறியிருந்தாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒருவர் 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன பிழை அதில் இருக்கிறது. உவப்பு காரணமாக அதை அமைத்துக்கொள்கிறார்கள். இன்னும் புறப்படாத ஒருவர் 'இதோ வந்துவிட்டேன்' என்று சொன்னால் எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொன்ன பிழை இருக்கிறது. விரைவு காரணமாக அதையும் அமைத்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் என் மனத்தை எப்போதும் ஈர்ப்பது ஒன்று உண்டு. இலக்கண ஆசிரியர் வழுவை மூடி மறைப்பதில்லை. வழு என்று பெயரிட்டுச் சொல்கிறார். பிறகு காரணத்தைச் சொல்கிறார். அதன் பிறகே அமைதி என்கிறார். வழு என்ற சொல் அந்தத் தொடரிலிருந்து ஒருநாளும் நீங்குவதில்லை.

உங்கள் கட்டுரையாளரின் ஒன்பது ஆண்டுகளில் வழு இருக்கிறது, அதற்குப் பெயரிட்டவர் எவரும் இல்லை, காரணத்தைச் சொன்னவரும் இல்லை. ஆகவே அங்கே அமைதி என்ற சொல் பொருந்தாது.

மற்றச் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். சமாதானம் என்ற வடசொல்லுக்கு ஒருங்கே சேர்த்து வைத்தல் என்பது அடிப்படைப் பொருள். எதிர்வாதம் ஒன்றை எழுப்பி அதற்குச் சமாதானம் சொல்லுதல் என்று பழைய உரைகளிலும் வழங்குகிறது. ஆகவே கேள்விக்கு விடை சொல்லும் கடமையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சமாதி என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான், தியானத்தின் உச்சநிலைக்கும் கல்லறைக்கும் தமிழில் அந்த ஒரு சொல்லே வழங்குகிறது. சாந்தி என்பது தணிதல், ஓய்தல் என்னும் பொருளுடைய 'சம்' என்ற வேரைச் சேர்ந்தது. அந்த வேரிலிருந்தே வேத வேள்வியில் பலி விலங்கைக் கொல்பவருக்கு 'சமித்ரு' என்ற பெயரும் பிறந்திருக்கிறது. உயிர் அடங்குவதும் ஒருவகைத் தணிதல்தானே. இதை முதன்முதலில் அகராதியில் கண்டபோது நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எபிரேய மொழியில் 'ஷாலோம்', அரபியில் 'சலாம்' ஆகியவை ஒரே மூன்றெழுத்து வேரைச் சேர்ந்த உறவுச் சொற்கள். முழுமை, குறைவின்மை என்பது அந்த வேரின் பொருள். எபிரேயத்தில் 'கடனைச் செலுத்தித் தீர்த்தல்' என்பதற்கான வினையும் அதே வேரிலிருந்து பிறக்கிறது. இலத்தீனின் 'பாக்ஸ்' உடன்படிக்கை செய்தலோடு தொடர்புடையது. ரஷ்ய மொழியில் 'மீர்' என்ற ஒரே ஒலி உலகத்தையும் அமைதியையும் குறிக்கிறது. 1918ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு இரண்டையும் வெவ்வேறு எழுத்துகளால் எழுதி வந்தார்கள்.

பழைய வாசகர்

நண்பர் வேர்ச்சொல் எழுதியதை இருமுறை படித்தேன், கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. வேர் எதுவாக இருந்தாலும் ஒரு சொல்லின் பொருளை முடிவுசெய்வது வழக்குதான். அமைதி என்ற சொல் இன்று மக்கள் வாயில் எப்படி வழங்குகிறது என்று பார்ப்போம்.

நான் முப்பத்தோராண்டுகள் வகுப்பறையில் நின்றவன். அந்தச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கட்டளையாகச் சொல்லியிருப்பேன். 'அமைதி!' என்று நான் மேசையைத் தட்டும்போது, மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பொருந்தி வாழவேண்டும் என்றா கேட்டேன்? வாயை மூடச் சொன்னேன். ஒருமுறை பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று ஏதோ சொல்ல வந்தான். நான் வழக்கம்போல் அமைதி என்றேன், உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவனுடைய கையைக் கவராயத்தின் முனையால் குத்தியிருந்தான் என்பது வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகே எனக்குத் தெரிந்தது. குறிப்பேட்டின் தாளை ஒற்றி ஒற்றிக் குருதியைத் துடைத்துக்கொண்டு அந்த முக்கால் மணிநேரமும் உட்கார்ந்திருந்தான். அன்று என் வகுப்பு மிக அமைதியாக இருந்தது என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெரிய இடங்களிலும் இதே வழக்குதான். 'பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்தல்' என்ற தொடரைக் குறைசொல்ல வந்தவர்மீது சுமத்துவதே பெரும்பாலும் காண்கிறோம். குறைக்குக் காரணமானவர்மீது சுமத்தக் காண்பது அரிது. ஆகவே 'அமைதி என்றால் பொருத்தம்' என்பது சொல்லின் பழைய பெருமை; இன்றைய வழக்கில் அது பல நேரங்களில் வாய்ப்பூட்டு. எழுதுகோல் அவர்கள் ஏழாவது இடத்தில் அமைதி என்றே எழுதினால் வழக்குக்கு மாறாகாது.

நெடுவழி

மௌனம் என்று எழுதினால் போதாதா? இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று தெரியவில்லை.

எழுதுகோல்

நெடுவழி அவர்களே, மௌனம் ஒருவர் தாமே மேற்கொள்வது. முனிவரின் இயல்பைக் குறித்து எழுந்த சொல் அது. நோன்பின் சாயல் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சகோதரர்கள் நோன்பு நோற்கவில்லை. மேலும், கட்டுரையாளர் தாம் போரைப் பற்றிப் பேசும்போது எடுத்த அதே சொல்லை வேண்டுமென்றே வீட்டுக்குள் கொண்டுவருகிறார். நான் வேறு சொல்லுக்கு மாறினால் அந்த இணைப்பு அறுந்துபோகும்.

கரைமணல்

வீட்டின் நடுவே சுவர் என்றதும் எனக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வந்தன.

ஒன்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். அங்கே கத்தோலிக்கர் வாழும் பகுதிகளுக்கும் புராட்டஸ்டன்ட் பகுதிகளுக்கும் இடையில் 1969 முதல் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர்களுக்கு 'அமைதிச் சுவர்கள்' என்றே பெயர். 1998 ஏப்ரல் 10 அன்று, இந்தப் பூசலை முடிவுக்குக் கொண்டுவரும் புனித வெள்ளி உடன்பாடு கையெழுத்தாயிற்று. படுகொலைகள் பெருமளவு குறைந்தன. சுவர்கள் போகவில்லை, உடன்பாட்டுக்குப் பிறகு புதியனவும் எழுந்தன. 2023க்குள் எல்லாவற்றையும் அகற்றிவிடுவது என்று 2013இல் அந்த அரசு குறித்த இலக்கு நிறைவேறவில்லை. சில சுவர்களில் உள்ள வாயிற்கதவுகளை இரவில் இன்றும் பூட்டுகிறார்கள். சுவரை ஒட்டி வாழ்பவர்களிலேயே பலர், இடிக்க வேண்டாம் என்கிறார்கள்.

மற்றொன்று கொரியா. 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்த உடன்படிக்கை மட்டுமே. இறுதியான அமைதித் தீர்வு ஒன்று எட்டப்படும்வரை சண்டையை நிறுத்திவைப்பதாக அந்த ஆவணமே சொல்கிறது. தீர்வு காண 1954இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு முடிவு எதையும் எட்டாமல் கலைந்தது. எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு நிலப்பட்டை நாட்டின் குறுக்கே கிடக்கிறது. படைவிலக்கப் பகுதி என்று பெயர், ஆனால் அதன் இரு ஓரங்களிலும் உலகின் பெரும்படைகள் நிற்கின்றன. அங்கே போர் நடக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. அமைதி நிலவுகிறது என்றும் சொல்ல முடியாது.

இந்த நிலைக்கு ஒரு பெயரிட முயன்றவர்களுள் நோர்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் முதன்மையானவர். 1959இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1969இல் எழுதிய கட்டுரையில், நேரடி வன்முறை இல்லாத நிலையை எதிர்மறை அமைதி என்றும், வறுமையையும் இழிவையும் இயல்பானவை போலக் காட்டும் சமூகக் கட்டமைப்பின் வன்முறையும் நீங்கிய நிலையை நேர்மறை அமைதி என்றும் பிரித்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1963 ஏப்ரலில், பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் இதே வேறுபாடு வந்துவிட்டது. நிறவெறிக்கு எதிரான ஊர்வலங்கள் ஊரின் அமைதியைக் குலைக்கின்றன என்று எழுதிய எட்டு வெள்ளை மதகுருமாருக்கு அவர் எழுதிய மறுமொழி அது. இறுக்கம் இல்லாமையே அமைதி என்று கருதும் நல்லவர்கள், வெளிப்படையாகப் பகைப்பவர்களைவிடப் பெரிய தடை என்று அதில் வருந்தினார். ஆசிரியரான பழைய வாசகர் குறிப்பிட்ட 'பொது அமைதிக்குக் குந்தகம்' அங்கேயும் அப்படியே ஒலித்திருக்கிறது.

1795இல் ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய சிறு நூலின் தொடக்கத்தில், ஒரு டச்சு விடுதிக்காரர் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைச் சுட்டுகிறார். அந்தப் பலகையில் 'நிலையான அமைதி' என்ற சொற்களோடு வரையப்பட்டிருந்தது ஓர் இடுகாடு. வேர்ச்சொல் அவர்கள் சொன்ன சமாதானமும் சமாதியும் அங்கே ஒரு பலகையிலேயே சேர்ந்து நிற்கின்றன.

ஆகவே என் கருத்து உறுதியானது. பேச்சற்ற ஒன்பது ஆண்டுகளை அமைதி என்று சொல்லக்கூடாது. அது போர்நிறுத்தம்.

தாழ்ப்பாள்

நான் இந்தப் பக்கங்களை நெடுநாளாகப் படித்துவருகிறேன், எழுதியதில்லை. கரைமணல் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எதிர்மறை அமைதி என்று நீங்கள் சற்றுத் தாழ்வாகச் சொன்ன அந்தப் பொருளை நான் அறிவேன். நான் வளர்ந்த வீட்டில் அடி விழும். இரவு எட்டு மணிக்கு மேல் வெளிக்கதவின் தாழ்ப்பாள் ஓசைக்காக நானும் என் அம்மாவும் காத்திருப்போம். தாழ்ப்பாளை அவர் மெல்ல நீக்கினால் அன்று ஒன்றும் நடக்காது. ஒரே இழுப்பில் அது சுவரில் மோதினால் நான் என் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த ஓசையின் வேறுபாட்டை ஏழு வயதில் நான் துல்லியமாக அறிந்திருந்தேன். வேலை காரணமாக அவர் வராத இரவுகள் மாதத்தில் மூன்றோ நான்கோ வரும். அந்த இரவுகளில் எங்கள் வீட்டில் நீதி நிலைநாட்டப்படவில்லை. எதுவும் பொருந்தி அமையவில்லை. மறுநாள் அவர் வரத்தான் போகிறார். ஆனால் அம்மா அடுப்படியில் ஏதாவது முணுமுணுத்துப் பாடுவார். நான் விளக்கை அணைக்காமலே தூங்கிப்போவேன். அதற்கு அமைதி என்ற பெயரைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது. அதை வெறும் போர்நிறுத்தம் என்று ஒருவர் சொன்னால், அவர் தாழ்ப்பாளின் ஓசைக்காகக் காத்திருந்ததே இல்லை என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் சொன்னது பாதியாகிவிடும். அம்மா ஒருமுறை உறவினர்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னார். வந்தவர்கள் கேட்டுவிட்டு, 'வீடு அமைதியாக இருக்க வேண்டும், நீதான் அனுசரித்துப் போக வேண்டும்' என்றார்கள். அவர்கள் சொன்ன அமைதியும், அவர் வராத இரவில் எங்களுக்குக் கிடைத்த அமைதியும் ஒரே சொல்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வேரைக் கொண்டு விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லை யார் கேட்கிறார்கள், யார் கேட்கச் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிபடுபவர் 'எனக்கு அமைதி வேண்டும்' என்று கேட்பது ஒன்று. அடிபடாதவர் அடிபடுபவரிடம் 'அமைதியாக இரு' என்பது வேறு.

கரைமணல்

தாழ்ப்பாள் அவர்களுக்கு. உங்கள் பதிவைப் படித்த பிறகு என் பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படித்த வேகத்தில் ஒரு வகைப்பாட்டைக் கொண்டு மனிதர்களின் மூச்சை அளந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதற்குச் சான்றாக ஒன்று உண்டு. கொலம்பியாவில் அரை நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரசும் ஃபார்க் கிளர்ச்சிப் படையும் செய்த உடன்பாட்டை 2016 அக்டோபர் 2 அன்று பொது வாக்கெடுப்புக்கு விட்டார்கள். 50.2 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்ததால் அது தோற்றது. குற்றம் செய்தவர்கள் எளிதாகத் தப்புகிறார்கள் என்பது மறுத்தவர்களின் முதன்மையான காரணம். அதை நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொஜயா என்னும் ஊரில் வாக்களித்தவர்களில் 95 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். 2002 மே மாதத்தில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது ஃபார்க் படையின் வெடிகுண்டு விழுந்து பலர் இறந்த ஊர் அது. மன்னிக்கக் காரணமே இல்லாதவர்கள், முதலில் குண்டு விழாமல் இருக்கட்டும் என்றார்கள். உடன்பாட்டைத் திருத்தி அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் கையெழுத்திட்டார்கள்.

மாலைநேரம்

விவாதம் வெளியுலகிலேயே சுற்றுகிறது. அமைதி அகத்தில் தேட வேண்டியது என்பதே ஞானியர் பலரின் முடிவு. வெளியே எது நடந்தாலும் உள்ளம் கலங்காதவருக்கு எந்தச் சுவரும் சுவரன்று. நான் இருபது ஆண்டுகளாகத் தியானம் பழகுகிறேன்; அதில் நான் கண்டது இதுதான்.

வேர்ச்சொல்

மாலைநேரம் அவர்களின் பயிற்சியை நான் மதிக்கிறேன். உபநிடத ஓதலின் முடிவில் சாந்தி என்பதை மூன்று முறை சொல்வது ஏன் என்பதற்கு மரபு தரும் விளக்கத்தை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். தன்னால் தனக்கு வரும் துன்பம் ஒன்று. பிற உயிர்களால் வரும் துன்பம் ஒன்று. இயற்கையாலும் தெய்வத்தாலும் வருவது ஒன்று. மூன்றும் தணிய வேண்டும் என்றே மூன்று முறை. அகத்தில் மட்டும் தணிந்தால் போதும் என்று கருதியிருந்தால் ஒரு முறை சொல்லி நிறுத்தியிருப்பார்கள். தாழ்ப்பாள் அவர்களின் தாயிடம் போய் உள்ளம் கலங்காமல் இருங்கள் என்று சொல்ல என் நா எழாது. அந்த உறவினர்கள் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

மாலைநேரம்

நியாயம். என் அகத்தைப் பற்றி நான் சொல்லலாம். இன்னொருவருக்கு அதை மருந்தாக எழுதிக்கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

நடுவிருக்கை

குடும்பச் சொத்து வழக்குகளில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த மேசையில் கண்டதைச் சொல்கிறேன். கணக்கில் தகராறு என்று வருபவர்களில் பலர் கணக்கு முடிந்த பிறகும் எழுந்திருப்பதில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, 'அன்றைக்கு நீ என்னை அப்படிச் சொன்னாயே' என்று ஒருவர் தொடங்குவார். அது பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக இருக்கும். அதற்கு மற்றவர் 'ஆமாம், சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும் நொடியில் அறையில் ஒரு மாற்றம் தெரியும். 'மன்னித்துவிடு' என்பதைக்கூட அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. நடந்தது நடந்ததுதான் என்று எதிரில் இருப்பவர் வாயால் கேட்க வேண்டும். வேர்ச்சொல் அவர்கள் வழுவமைதியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, இலக்கணம் இதை முன்பே அறிந்திருக்கிறது என்று வியந்தேன்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைத்தான் ஒரு நாட்டின் அளவில் செய்ய முயன்றது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமை வகித்தார். செய்த குற்றத்தை முழுமையாக வெளியிட்டால் மட்டுமே பொதுமன்னிப்புக்கு வழி உண்டு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலோருக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. அதிலும் ஒரு குறை நின்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாக 2003இல் அரசு அறிவித்தது ஒரே தவணையாக 30,000 ராண்ட். ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு என்ற மனக்குறை பாதிக்கப்பட்டோரிடம் நெடுநாள் நீடித்தது. உண்மை சொல்லப்பட்டது, கடன் தீரவில்லை. எபிரேயத்தில் கடனைத் தீர்க்கும் வினையும் ஷாலோமும் ஒரே வேர் என்று மேலே படித்தபோது இதுவே என் நினைவுக்கு வந்தது.

எழுதுகோல் அவர்களிடம் ஒரு கேள்வி. எட்டாவது இடத்தில் என்ன நடக்கிறது? அதை அறியாமல் ஏழாவதை முடிவுசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுதுகோல்

கேட்டதற்கு நன்றி. அதை மறைக்க நினைக்கவில்லை, தேவைப்படாது என்று எண்ணிவிட்டேன்.

பத்தாம் ஆண்டில் ஒரு நள்ளிரவு தம்பி வந்து கதவைத் தட்டுகிறார். காரணம் கட்டுரையில் இல்லை. இருவரும் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை சண்டையிடுகிறார்கள். குரல் உயர்கிறது, அண்டை வீட்டு விளக்கு எரிகிறது. தந்தையின் கடைசி நாள்களில் யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் வெளியே வருகிறது. விடியற்காலையில் தம்பி இருமுகிறார். ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அந்த இருமலை இவர் சுவரின் வழியாகக் கேட்கவில்லை, நேரில் கேட்கிறார். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார். அங்கேதான் எட்டாவது முறை அதே சொல் வருகிறது. அதற்கு அமைதி என்று எழுதிவிட்டேன். அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஏழாவதற்கு 'வீடு அடங்கிக் கிடந்தது' என்று நேற்று எழுதிப் பார்த்தேன். அடக்கம் என்ற சொல்லில் இடுகாடும் இருக்கிறது என்பதால் பொருத்தம் என்று எண்ணினேன்.

பழைய வாசகர்

'வீடு அடங்கிக் கிடந்தது' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உங்கள் தீர்ப்பு, கட்டுரையாளருடையது அன்று. அந்த ஒன்பது ஆண்டுகளிலும் அவர் அதை அமைதி என்றே நம்பிக்கொண்டிருந்தார் அல்லவா? என் வகுப்பில் நான் நம்பியதைப் போல, தாழ்ப்பாள் அவர்களின் உறவினர்கள் நம்பியதைப் போல. அவர் வாயிலிருந்து அந்தத் தவறான சொல்லைப் பிடுங்கிவிட்டுச் சரியான சொல்லை வைத்தால், கடைசிப் பத்தியில் அவர் எதைத் திருத்திக்கொள்வார்? ஏழாவதிலும் அமைதி என்றே எழுதுங்கள். பிழை அங்கே இருக்கட்டும். எட்டாவதைப் படித்த வாசகர் தாமே ஏழாவது இடத்துக்குத் திரும்பிப் போய் அதைப் பிழை என்று அறிந்துகொள்வார்.

வேர்ச்சொல்

பழைய வாசகர் என்னைவிட நன்றாகச் சொன்னார். முதல் பதிவில் அங்கே அந்தச் சொல் பொருந்தாது என்று எழுதியவன் நான்; இப்போது பொருந்தாத அந்தச் சொல்லே அங்கே நிற்க வேண்டும் என்கிறேன். பிழைக்குக் காரணம் கடைசிப் பத்தியில் சொல்லப்படுகிறது. ஆகவே ஏழாவது இடமே ஒரு வழுவமைதி.

தாழ்ப்பாள்

எனக்கும் அதுவே சரி என்று தோன்றுகிறது. ஒரு வேண்டுகோள் மட்டும். எட்டாவது இடத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கும் வரியை, அமைதி என்ற சொல்லுக்கு முன்னால் வருமாறு விட்டுவிடுங்கள்.

எழுதுகோல்

மூலத்திலும் அந்த வரி முன்னால்தான் இருக்கிறது, அப்படியே விட்டிருக்கிறேன். ஏழாவது இடத்தில் நேற்று எழுதியதை அடித்துவிட்டு, 'இந்த ஒன்பது ஆண்டுகளும் எங்களுக்குள் அமைதி நிலவியது' என்று இன்று காலை மீண்டும் எழுதிவிட்டேன்.